போர்த் தண்ணிக் காவி ஏறின முன்பல்லுக்கு பீங்கான் வெனீர் ஒத்துவருமா?

ஓமலூர்க்காரன்

வணக்கமுங்க. தங்கச்சிக்காகக் கேக்கறேன். வயசு 23. பொறந்து வளர்ந்ததெல்லாம் ஓமலூர் பக்கம், சின்ன வயசுல குடிச்சது முழுக்க போர்த் தண்ணி. மேல் முன்பல்லு ஆறுலயும் குறுக்கால பழுப்புப் பட்டை. நடுப்பல்லு ரெண்டுலயும் குண்டூசி முனை அளவுக்கு நாலஞ்சு குழி இருக்குது. இடப்பக்கம் அதுக்கு அடுத்த பல்லு கொஞ்சம் உள்ள தள்ளி நிக்குது. சொத்தை ஒண்ணும் இல்லை. இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் வேலை பாக்கறா. தை மாசம் கல்யாணம், கையில அஞ்சு மாசம் இருக்குது.

மூணு எடத்துல காட்டியாச்சுங்க. மொத எடத்துல மேல எட்டுப் பல்லுக்கு பீங்கான் வெனீர், பல்லுக்கு 12,000 ரூபாய், நாலு நாள்ல முடிச்சுத் தர்றோம்னாங்க. ரெண்டாவது எடத்துல இந்த மாதிரி பல்லுல வெனீர் கழண்டுக்கும், ஆறு பல்லுக்கும் ஜிர்கோனியா (ரொம்ப கெட்டியான வெள்ளைப் பீங்கான்) கேப் போட்டுருங்கன்னாங்க. மூணாவது டாக்டர், மொதல்ல ஈறைச் சரி பண்ணி ப்ளீச்சிங் பண்ணுங்க, வெனீரைப் பத்தி அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டாரு. மூணும் மூணு தெசையில போகுது. எதை வெச்சு முடிவு பண்றது?

இன்னும் ரெண்டு விஷயம். பல்லு வெளக்கறப்ப ஈறுல ரத்தம் கசியுது. தூக்கத்துல நறநறன்னு பல்லைக் கடிக்கறான்னு அம்மா சொல்றாங்க.

பல்டாக்டர்_பெருந்துறை

மூணாவது டாக்டர் சொன்ன வரிசைதான் சரிங்க தம்பி. ஏன்னு வெவரமா எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

வெனீர்ங்கறது 0.3 முதல் 0.7 மி.மீ. கனம் இருக்கற பீங்கான் ஓடு. தனியா அதுக்குப் பலம் கிடையாது, ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அழுத்தினா உடைஞ்சிரும். பல்லோட கெட்டியான வெளிப்பூச்சான எனாமல் மேல ஒட்டின பிறகுதான் ரெண்டும் சேர்ந்து பாரம் தாங்குது. எனாமலை ஆசிட்ல லேசா அரிச்சா பிசின் கெட்டியாப் பிடிக்கும்னு மைக்கேல் புவோனோகோர் 1955-ல காட்டினாரு. இன்னைக்கு வரைக்கும் வெனீர் நிக்கறது அந்தப் பிடிமானத்துலதான். எனாமலைத் தாண்டி உள்ள இருக்கற டென்டின் வெளிய தெரிஞ்சுட்டா பிடிமானம் குறையும், வருசம் ஆக ஆக இன்னும் தளரும், கூச்சமும் வரும். அதனால பல்லு என்ன நிறம்ங்கறது ரெண்டாவது கேள்விங்க. வெட்டின பிறகு எனாமல் எவ்வளவு மிச்சம் நிக்கும்ங்கறதுதான் மொதக் கேள்வி.

மேல் நடுப்பல்லுல எனாமல் ஈறோரம் 0.3 முதல் 0.5 மி.மீ., நடுவுல 0.6 முதல் 1 மி.மீ., நுனிப்பக்கம் 1 மி.மீ.க்கு மேல இருக்கும். வழக்கமா வெட்டறது ஈறோரம் 0.3, நடுவுல 0.5, நுனிப்பக்கம் 0.7. ஈறோரத்துல கையிருப்பு எவ்வளவு கம்மின்னு பாருங்க. பர், அதாவது பல்லைச் செதுக்கற மிஷின் முனை, கொஞ்சம் ஆழமா இறங்கினாலே அங்க எனாமல் தீர்ந்துரும். வெனீரோட நாலு ஓரமும் எனாமல்லயே முடியணும், ஒட்டற பரப்புல பாதிக்கு மேலயாவது எனாமல் இருக்கணும். இந்த ரெண்டும் நடக்காத பல்லுக்கு வெனீர் வேண்டாம்.

இனி தங்கச்சி பல்லுக்கு வர்றேன். நீங்க சொல்ற அடையாளம் புளோரோசிஸ் மாதிரிதான் இருக்குது. பல்லு உள்ள உருவாகிட்டு இருக்கற வயசுல புளோரைடு அதிகமாப் போனா எனாமல்ல நுண்ணிய ஓட்டை விழுந்து போகும். பல்லு மொளைச்ச பிறகு அந்த ஓட்டையில கறை ஏறி பழுப்பாகும். ஆனா மேல்தோல் மட்டும் கெட்டிப்பட்டு நிக்கும், ஆசிட்டுக்கு லேசுல அரிக்காது. சாதாரண எனாமலுக்கு 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் 30 விநாடி போதும். புளோரோசிஸ் பல்லுக்கு மேல்தோலை லேசா உரசி எடுத்துட்டு, நேரத்தையும் ரெண்டு மடங்காக்கணும். ரெண்டாவது எடத்துல கழண்டுக்கும்னு சொன்னதுல இந்த அளவுக்கு உண்மை இருக்குதுங்க. ஆனா அதுக்கு வைத்தியம் கேப் இல்லை. முழு கேப்புக்கு பல்லோட வெளித்தெரியற பகுதியில 63 முதல் 72 சதவீதம் வெட்டணும். வெனீருக்கு வகையைப் பொறுத்து 3 முதல் 30 சதவீதம். சொத்தை இல்லாத, உயிருள்ள 23 வயசுப் பல்லு ஆறை அப்படிச் செதுக்கறதை என் மனசு ஒத்துக்காது. நரம்பு வரைக்கும் போய் ரூட் கேனால் பண்ற நெலமை பின்னாடி வரலாம்.

வரிசை இப்படி இருக்கட்டும்.

மொதல்ல ஈறு. அதைப் பத்தி வேற யாராவது எழுதுவாங்க, ரத்தம் நிக்காம எதுவும் ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்து வீட்டு ப்ளீச்சிங். அளவெடுத்துச் செஞ்ச ட்ரேல 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல், பல்லுக்கு ஒரு அரிசி அளவு, ராத்திரி தூங்கறப்ப. சாதாரணப் பல்லுக்கு ரெண்டு வாரம், புளோரோசிஸ் பழுப்புக்கு மூணு நாலு வாரம் ஆகும். மொத வாரத்துல வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சுன்னு தெரியும். பயந்து நிறுத்திறாதீங்க, சுத்துப்புறம் வெளுக்க வெளுக்க கலந்துக்கும். கூச்சம் வந்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம்.

அதுக்கப்புறமும் பழுப்பு மிச்சம் நின்னா மைக்ரோ அப்ரேஷன். 6.6 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த பசையை ரப்பர் கப்புல வெச்சு மெதுவாத் தேய்க்கறது. ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளிய விட்டு ஈறை மூடற ரப்பர் ஷீட்) கட்டாயம், ஈறுல பட்டா புண்ணாயிரும். மொத்தத்துல போறது 0.1 முதல் 0.2 மி.மீ. எனாமல்தான். வெள்ளைத் திட்டு மட்டும் மிச்சம்னா ஐகான் முறை இருக்குது: ஆசிட்ல தொறந்து, ஆல்கஹால்ல உலர்த்தி, தண்ணி மாதிரி பிசினை உள்ள ஊற விடறது. அது பழுப்பைப் போக்காது, அதனால ப்ளீச்சிங்குக்குப் பின்னாடிதான்.

குழிக்கு காம்போசிட், அதாவது பல்லு நிறத்துல இருக்கற பிசின் கலவை. ப்ளீச்சிங் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் எதையும் ஒட்டணும். பல்லுக்குள்ள தங்கின ஆக்சிஜன் பிசினை உறைய விடாது. வெனீரோ காம்போசிட்டோ, இந்த ரெண்டு வாரத்துல அவசரப்பட்டா ஓரத்துல விட்டுக் கொடுக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் எத்தனை பல்லு மறைக்க வேண்டியிருக்குதுன்னு எண்ணிப் பாருங்க. எட்டுங்கறது அநேகமா எட்டா இருக்காது.

கடி விஷயம் தனி. வாயை மூடிக் கடைவாய்ப்பல்லை இறுக்கிக் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கி, நேராவும் ரெண்டு பக்கவாட்டுலயும் போன்ல படம் எடுங்க. மேல்பல்லு கீழ்ப்பல்லை 2 – 3 மி.மீ. மூடினா சரி. நுனியோட நுனி முட்டினா வெனீர் ஓரம் முதல் வருசத்துலயே சில்லு போகும். கீழ்ப்பல்லு முழுசா மறைஞ்சு போற ஆழமான கடின்னா அதுவும் ஆகாது, கிளிப் போட்டுச் சரி பண்ணணும். நறநறங்கறதுக்கு சாட்சி சிங்கப்பல்லு நுனியில இருக்கும்: கூர் போய்த் தட்டையா, கண்ணாடி மாதிரி மினுங்கும், கீழ்ப்பல்லுலயும் அதே இடத்துல தேஞ்சிருக்கும். கன்னத்து உள்பக்கம் வெள்ளைக் கோடு, நாக்கு ஓரத்துல பல்லுத்தடம், காலையில தாடை வலி இருந்தாலும் கடிக்கறாங்கன்னு அர்த்தம். அப்படி இருந்தா வெனீர் போட்டாலும் ராத்திரிக்கு பல்லு மேல மாட்டற கெட்டி அக்ரிலிக் கவசம், அதாவது நைட் கார்டு, 2 மி.மீ. கனத்துல, வாழ்நாள் பூரா போடணும். அதைப் போட மாட்டேன்னா வெனீரும் வேண்டாம்.

செக்கிங் வேலைன்னு சொன்னீங்க. பிசிறு நூலை ட்ரிம்மர்ல வெட்டறாங்களா, பல்லுல கடிச்சு இழுக்கறாங்களா? கேட்டுச் சொல்லுங்க.

பீங்கான்_லேப்_கோவை

டாக்டர் சொல்லிட்டாருங்க, லேப் பக்கத்துல இருந்து சேர்க்க வேண்டியது கொஞ்சம் இருக்குது.

நாலு நாள்ங்கறதுல எனக்கு உறுத்தறது வேகம் இல்லீங்க. மில்லிங் மிஷின் இருந்தா ஒரே நாள்ல கூட வெனீர் வரும். ஆனா வாயில போட்டுப் பாக்கற கட்டம் அதுல எங்க? மொதல்ல அளவெடுத்து மாடல்ல மெழுகுல பல்லுருவம் பண்ணணும். அதுமேல சிலிக்கான் புட்டில அச்செடுத்து, அந்த அச்சுல பிஸ்-அக்ரில்ங்கற தற்காலிகப் பல்லு பிளாஸ்டிக்கை ஊத்தி, வெட்டாத பல்லு மேலயே உக்கார வெக்கணும். இதுதான் மாக்-அப். பத்து நிமிசத்துல வந்துரும், கழட்டிறலாம். கண்ணாடியில பாருங்க, போட்டோ எடுங்க, ‘வாங்கோ, போங்கோ, சேவூர், சூலூர்’னு பேசிப் பாக்கச் சொல்லுங்க. ‘வ’ சொல்றப்ப மேல்பல்லு நுனி கீழ் உதட்டோட ஈர ஓரத்துல லேசாப் படணும். உதட்டுக்கு வெளிய போச்சுன்னா நீளம் ஜாஸ்தி. ‘ச’ சீட்டி அடிச்சா கனமோ சாய்வோ தப்பு.

மாக்-அப் இருந்தா இன்னொரு லாபம். அது மேலயே ஆழம் குறிக்கற பர்ரை ஓட்டினா, பீங்கானுக்கு வேணுங்கற எடம் போக மிச்சத்துக்கு மட்டும் பல்லை வெட்டினாப் போதும். உங்க தங்கச்சிக்கு உள்ள தள்ளி நிக்கற பல்லு இருக்குதே, அதுக்கு முன்பக்கம் வெட்டவே தேவைப்படாம போகலாம். பீங்கானைத்தான் கனமா வெப்போம். வெளிய துருத்தற பல்லுதான் சிக்கல், அதை வரிசைக்குக் கொண்டு வர எனாமலைத் தாண்டி வெட்ட வேண்டி வரும்.

நிறத்துக்கு வர்றேன். நிறத்தை ஒரு படி வெளுப்பாக்க சுமாரா 0.2 முதல் 0.3 மி.மீ. பீங்கான் வேணும். அடியில பழுப்புப் பட்டை இருக்கறப்ப மேல 0.5 மி.மீ. ஒளி ஊடுருவற பீங்கானை வெச்சா, பட்டை சாம்பல் நெழலா மேல வந்து நிக்கும். லேப் லைட்ல தெரியாது, மண்டப போட்டோ பிளாஷ்ல தெரியும். அதை மறைக்க ஊடுருவாத பீங்கான் எடுத்தா பல்லு பீங்கான் கோப்பை மாதிரி செத்துப் போன வெள்ளையா வரும், கனமும் 0.8 மி.மீ.க்கு மேல வேணும். அதுக்கு இன்னும் வெட்டணும். அதனால ப்ளீச்சிங்கை வெனீருக்கு மாத்துன்னு நெனைக்காதீங்க. வெனீரே போடற முடிவா இருந்தாலும் அடிப்பல்லு வெளுத்துட்டா, வெட்டற அளவு கொறையும். லேப்புக்கு அனுப்பறப்ப வெட்டின பல்லோட நிறத்தையும் ஷேட் கட்டையோட (பல்லு நிறத்தை ஒப்பிட்டுப் பாக்கற மாதிரிப் பல்லு வரிசை) சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்தப் படம் இல்லாம வர்ற கேஸ்தான் திரும்பத் திரும்ப ரீமேக் ஆகுது.

எந்தப் பொருள்னு எழுத்துல கேளுங்க. முன்பல்லுக்கு பெல்ட்ஸ்பதிக் பீங்கான், இல்லைன்னா லித்தியம் டைசிலிகேட். இ-மேக்ஸ்னு சொல்றது பின்னதுதான். முன்னது அழகு கூடுதல், பலம் கம்மி. பல்லைக் கடிக்கற ஆளுக்கு பின்னதுதான் தேவலை. ரெண்டையும் ஹைட்ரோபுளோரிக் ஆசிட்ல அரிச்சு ஒட்டலாம். ஜிர்கோனியா அந்த ஆசிட்டுக்கு அரிக்காது, அதுக்கு மணல் அடிச்சு தனி பிரைமர் (ஒட்டறதுக்கு முன்னாடி பூசற மருந்து) போடணும். மெல்லிசு ஓட்டுக்கு அது என் தேர்வு இல்லை.

வெட்டின அன்னைக்கு ஒட்டற தற்காலிக ஓடு ஒண்ணு ரெண்டு வாரம் இருக்கும். அதுல மஞ்சள் ஏறும். ஈரோட்டு மஞ்சள் போட்ட குழம்பு ரெண்டு வேளை சாப்பிட்டாப் போதும், ஓரம் எல்லாம் மஞ்சளாயிரும். நெசப் பீங்கான்ல ஏறாது. நலங்கு சமயத்துல தற்காலிக ஓட்டோட நிக்கற மாதிரி தேதி வெச்சுக்காதீங்க.

ஈறு_நாமக்கல்

ரத்தக் கசிவைப் பத்தி. வெனீர் ஒட்டற நேரத்துல ஈறோரம் ஒரு சொட்டு ரத்தம், எச்சில், ஈறு நீர் எது பட்டாலும் அந்த எடத்துல ஒட்டாது. அங்கதான் ஆறு மாசம் கழிச்சு பழுப்புக் கோடு வரும், அதுக்கப்புறம் சொத்தை. வீங்கின ஈறு மேல வெச்சு ஓரம் முடிச்சா, வீக்கம் வத்தறப்ப ஓரம் வெளிய தெரியும். அதனால க்ளீனிங் பண்ணி, ரெண்டு மூணு வாரம் பல்லிடுக்குல நைலான் நூல் போட்டுச் சுத்தம் பண்ணி, திரும்ப ஈறைத் தொட்டா ரத்தம் வரலைன்னு பாத்துட்டுத்தான் அளவு.

உமிக்கரி, செங்கப்பொடி, கரி பேஸ்ட் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. காவியைத் தேச்சு எடுக்கறதா நெனைச்சு எனாமலைத் தேச்சுட்டு இருப்பாங்க. வெனீர் போட்ட பிறகு, ஆசிட் கலந்த ஏ.பி.எப். புளோரைடு ஜெல் பீங்கானோட மினுமினுப்பை அரிச்சிரும், நியூட்ரல் புளோரைடு போடச் சொல்லணும். க்ளீனிங் போறப்ப ‘வெனீர் இருக்குது, மிஷின் முனையை ஓரத்துல வெக்காதீங்க’ன்னு வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிறணும்.

மேட்டூர்_தண்ணி

பல்லைப் பத்தி எனக்குத் தெரியாது, தண்ணியைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. அதே போரை வீட்டுல இப்ப குழந்தைங்க யாராவது குடிக்கறாங்களா? குடிநீர் வடிகால் வாரியத்து மாவட்ட ஆய்வகத்துல புளோரைடு பாத்துச் சொல்லுவாங்க. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத எடத்துல 1.5 வரைக்கும். காய்ச்சினா புளோரைடு போகாது, தண்ணி சுண்டி அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ.ல கொறையும். பெரியவங்க பல்லுல வந்த கறை இனித் தண்ணி மாத்தினா போகாது, ஆனா எட்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு இப்பவே மாத்தணும்.

ஓமலூர்க்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணன் பொண்ணு நாலு வயசு, அதே தண்ணிதான். நாளைக்கே பாட்டில்ல பிடிச்சுக் குடுத்துடறேன்.

டாக்டர் கேட்டதுக்கு: ட்ரிம்மர் இருக்குதாம், ஆனா அவசரத்துக்கு நூலைப் பல்லுலதான் கடிச்சு இழுப்பாளாம், ஒரு நாளைக்குக் கணக்கில்லாம. படம் எடுத்துப் பாத்தேன், மேல்பல்லு கீழ்ப்பல்லை 2 மி.மீ. மூடுது. சிங்கப்பல்லு நுனி ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியே தட்டை. மொத எடத்துல கேட்டேன், மாக்-அப் எல்லாம் தேவையில்லை, கம்ப்யூட்டர்ல சிரிப்புப் படம் காட்டறோம்னாங்க.

எல்லாம் சரியாப் பண்ணிப் போட்டா எத்தனை வருசம் வருங்க? கழண்டா திரும்ப ஒட்டலாமா?

பல்டாக்டர்_பெருந்துறை

கம்ப்யூட்டர் படத்துல பல்லு பேசாது, உதடு மூடாது. அதை நம்பி வெட்ட வேண்டாம்.

ஆள் தேர்வும் ஒட்டற வேலையும் சரியா இருந்தா 10 வருசத்துல 100-க்கு 90-க்கு மேல நிக்கறதாத்தான் பெரும்பாலான ஆய்வுத் தொகுப்புகள் சொல்லுது. அதுக்கப்புறம் மாத்த வேண்டி வரும், ஒவ்வொரு தடவை மாத்தறப்பவும் பல்லு கொஞ்சம் போகும். 23 வயசுல ஆரம்பிச்சா வாழ்நாள்ல ரெண்டு மூணு தடவை மாத்தற கணக்கு. தள்ளிப் போடற ஒவ்வொரு வருசமும் லாபம்னு நான் சொல்றது இதனாலதான்.

உடையாம முழுசாக் கழண்டா திரும்ப ஒட்டலாம், கழண்ட வெனீரைப் பத்திரமா டப்பால போட்டு எடுத்துட்டு வரணும், வீட்டுல பசை போட்டு ஒட்டிக்கக் கூடாது. கழண்டதும், வெனீரை ஒட்டின சிமெண்ட் எங்க ஒட்டி நிக்குதுன்னு பாக்கச் சொல்லுங்க. பல்லு மேல நின்னா பீங்கான் உள்பக்கம் சரியாத் தயாராகலை: ஆசிட், சைலேன் (பீங்கானையும் பிசினையும் பிணைக்கற பூச்சு) போடறதுல தப்பு, இல்லைன்னா வாயில வெச்சுப் பாத்தப்ப பட்ட எச்சிலைக் கழுவாம விட்டிருக்காங்க. ஓட்டோட உள்பக்கம் நின்னா பல்லுப் பக்கம் விட்டிருக்குது: ஈரம் பட்டிருக்கும், டென்டின் தெரிஞ்சிருக்கும், புளோரோசிஸ் மேல்தோலை அப்படியே விட்டிருப்பாங்க. காரணம் தெரியாம திரும்ப ஒட்டினா திரும்பக் கழலும். மூலை சில்லாப் போறது வேற, அது கடியோட குத்தம்.

சிமெண்ட் வெளிச்சத்துல மட்டும் உறையற வகையா இருக்கட்டும். வெளிச்சத்துலயும் தானாவும் ரெண்டு வகையிலயும் உறையற சிமெண்ட் வருசம் போகப் போக மஞ்சளாகும். மெல்லிசு ஓட்டுக்கு அடியில அது தெரியும்.

நூல் விஷயம் ரொம்ப முக்கியம். நூலைப் பிடிச்சு இழுக்கறப்ப பாரம் முழுக்க பல்லு நுனியில ஒரு புள்ளியில, முன்பக்கமா விழுது. வெனீரோ காம்போசிட்டோ, சில்லு போகறது அந்த எடத்துலதான். இப்பவே நடுப்பல்லு நுனியை நகத்தால தடவிப் பாக்கச் சொல்லுங்க, நூல் ஓடற எடத்துல சின்னதா ஒரு வெட்டு நெரடும். ட்ரிம்மரைக் கயித்துல கட்டி கழுத்துல மாட்டிக்கிட்டு, ஒரு மாசம் பல்லுல நூல் படாம இருக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா பீங்கானைப் பத்திப் பேச வேண்டாம்.

இந்தப் பல்லுக்கு என் அபிப்பிராயம்: ஈறு மூணு வாரம், ப்ளீச்சிங் நாலு வாரம், காத்திருப்பு ரெண்டு வாரம், மைக்ரோ அப்ரேஷன் ஒரு சிட்டிங். அதுக்குள்ள ரெண்டரை மாசம் ஓடிரும். நடுப்பல்லு குழி நாலஞ்சையும் காம்போசிட்ல அடைச்சு, உள்ள தள்ளின பல்லு மேல வெட்டாமயே காம்போசிட் ஏத்தி வரிசைக்குக் கொண்டு வந்துட்டா கல்யாணத்துக்குப் போதும். அஞ்சாறு வருசத்துல காம்போசிட் மங்கும். பாலிஷ் பண்ணலாம், ஒட்டுப் போடலாம். அப்பவும் பீங்கான் வேணும்னா எனாமல் முழுசா அப்படியே இருக்கும். எல்லா வேலையும் முகூர்த்தத்துக்கு ஆறு வாரம் முன்னாடி முடிஞ்சிரணும், அப்பத்தான் கடி பாத்து சின்னச் சின்னதா தேச்சுச் சரி பண்ண நேரம் இருக்கும்.

செலவு கட்டுப்படி ஆகலைன்னா திருச்செங்கோடு, குமாரபாளையம், சூலூர் பக்கம் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்குது. அங்க காமிச்சு, வெட்டறதுக்கு முன்னாடி மாக்-அப் வேணும்னு மொத நாளே கேளுங்க. ப்ளீச்சிங் ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாள் ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம, ஷேட் கட்டையைப் பல்லுப் பக்கத்துல வெச்சு ஒரு படம் எடுத்து வெச்சுக்கங்க. ரெண்டாவது வாரமும் நாலாவது வாரமும் அதே ஜன்னல்ல, அதே நேரத்துல எடுங்க.